தீவகத்துக்கு வரும் மூன்றாவது வளையம்

2031ஆம் ஆண்டு மே 21, புதன்கிழமை. நண்பகல் தாண்டிய சற்று நேரத்தில், யாழ்ப்பாணத்துத் தீவகத்துக்கு மேலே சூரியனின் நடுப்பகுதி மறைந்து, விளிம்பு மட்டும் நெருப்பு வளையமாக எரியும். ஆபிரிக்காவில் தொடங்கும் அந்த வளையக் கிரகணத்தின் பாதை கேரளம், மதுரை, காரைக்குடி வழியாக வந்து பாக்கு நீரிணையைக் கடந்து வட இலங்கையைத் தொடுகிறது.

தீவகத்துக்கு இது முதல் தடவை அல்ல. 2010 ஜனவரி 15, 2019 டிசம்பர் 26 என்று இரண்டு வளையங்கள் ஏற்கெனவே வந்து போய்விட்டன. பூமியில் ஏதாவது ஓர் இடத்தை எடுத்துக்கொண்டால், அங்கே வளையக் கிரகணம் சராசரியாக இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளியில்தான் வரும் என்பது பெல்ஜிய வானியல் கணிதர் ஜான் மேயூஸ் போட்ட கணக்கு. இந்தச் சின்னத் தீவுக் கூட்டத்துக்கோ 22 ஆண்டுக்குள் மூன்று! உலகில் எத்தனையோ பேர் ஆயிரக்கணக்கான ரூபாய் செலவழித்து, விமானம் ஏறித் தேடிப் போகும் காட்சி நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் வீட்டு முற்றத்திலேயே கிடைக்கிறது.

முதல் இரண்டையும் தீவகத்தின் பெரும்பகுதி கதவைச் சாத்திக்கொண்டு கழித்தது. மூன்றாவதையும் அப்படியே விடப்போகிறோமா என்பதுதான் இப்போதைய கேள்வி. ஏனென்றால் சூரியனைப் படம் பிடித்த உலக வரலாற்றில் யாழ்ப்பாணத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. அதை நாமே மறந்துவிட்டோம்.

1871: கண்ணாடியில் பதிந்த சூரியன்

1871 டிசம்பர் 12ஆம் திகதி காலை, முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் தென்னிந்தியாவையும் வட இலங்கையையும் கடந்து சென்றது. அதைப் பார்க்க இங்கிலாந்திலிருந்து ஒரு குழு புறப்பட்டது. தலைவர் நோர்மன் லொக்கியர். சூரிய ஒளியில் ஹீலியத்தின் கோட்டை இனங்கண்டவர்களில் ஒருவர். 'நேச்சர்' இதழைத் தொடங்கியவரும் அவரே. 'மிர்சாப்பூர்' என்ற கப்பலில் காலி வந்து சேர்ந்த குழு அங்கே பிரிந்தது. லொக்கியரும் சிலரும் கேரளத்துப் பேக்கல் கோட்டைக்குப் போனார்கள். வேறு சிலர் புதுக்கோட்டைக்கும் திருகோணமலைக்கும் போனார்கள். ஒரு பிரிவு யாழ்ப்பாணம் வந்தது.

யாழ்ப்பாணத்தில் இலங்கை நில அளவைத் துறையின் தலைவராக இருந்த ஃபயர்ஸ் நிறமாலைகாட்டியோடு நின்றார். கப்டன் டப்மன் பார்த்ததை வரைந்தார். கப்டன் ஹோக் கமராவைப் பொறுப்பெடுத்தார்.

அன்றைய கமரா வேலை இன்றைக்கு நினைத்தாலே மலைப்புத்தான். பிலிமே இல்லாத காலம். ஒரு கண்ணாடித் தட்டை எடுத்து, கொலோடியன் என்ற பசைத் திரவத்தை அதன்மேல் சீராக ஊற்றி, இருட்டுக் கூடாரத்துக்குள் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் முக்கி, ஈரம் சொட்டச் சொட்டக் கமராவுக்குள் செருக வேண்டும். தட்டுக் காய்ந்தால் படம் போச்சு. எடுத்த கையோடு மறுபடி கூடாரத்துக்குள் ஓடிக் கழுவ வேண்டும். நம்முடைய வெக்கையில் அந்த ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்? முழுமறைப்போ ஏறக்குறைய இரண்டே நிமிடம். அதற்குள் ஒரு தட்டை எடுத்து இன்னொன்றை வைத்து, மூடியைத் திறந்து, நொடிகளை எண்ணி மூட வேண்டும். கை நடுங்கினால் திருப்பிச் செய்ய வழி இல்லை. ஹோக்கின் தட்டுகளில் படம் விழுந்தது.

அந்தப் படங்களால் என்ன பயன்? முழுக் கிரகணத்தின்போது கறுத்த சந்திரனைச் சுற்றி வெள்ளை ஒளிக்கதிர்கள் விரிந்து நிற்கும். அதைக் கொரோனா என்பார்கள். அது சூரியனைச் சேர்ந்ததா, பூமியின் காற்று செய்யும் மாயமா என்று வானியலாளர்கள் அந்தக் காலத்தில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். பேக்கலில் டேவிஸ் எடுத்த படங்கள், நீலகிரியின் தொட்டபெட்டாவில் டெனன்ட் குழு எடுத்தவை, யாழ்ப்பாணத்தில் ஹோக் எடுத்தவை எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கடற்கரை, மலை உச்சி, தீபகற்பம் என்று மூன்றும் மூன்று விதமான இடங்கள். மூன்றிலும் கதிர்களின் வடிவம் ஒத்துப்போயிற்று. ஊருக்கு ஊர் மாறும் காற்றின் விளையாட்டாக இருந்தால் இப்படி ஒத்துப்போக முடியாது. கொரோனா சூரியனுக்கே உரியது என்ற முடிவுக்கு இந்தத் தட்டுகள் வலுவான சாட்சியாயின.

இந்தப் பெருமையில் ஒரு குறையும் உண்டு. கருவி பிடித்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். நம்மவர் பெயர் எதுவும் அந்த அறிக்கைகளில் முன்னுக்கு நிற்கவில்லை.

பஞ்சாங்கமும் செமினரியும்

அதற்காக, யாழ்ப்பாணத்துக்கு வானம் தெரியாமல் இருந்தது என்று சொல்ல முடியாது. கிரகணக் கணிதம் இங்கே பரம்பரைத் தொழில். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் இன்றைக்கும் சித்திரை பிறக்க முன்னரே விசாரிக்கப்படும் புத்தகங்கள். கொக்குவில் இரகுநாதையர் பஞ்சாங்கம் இல்லாத சைவ வீடு குறைவு.

இந்தக் கணிதம் எவ்வளவு நுட்பமானது என்பதற்குப் புதுச்சேரிச் சம்பவம் ஒன்று உண்டு. அங்கே தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், 1825ஆம் ஆண்டின் ஒரு சந்திர கிரகணத்தை, எழுதுகோல் தொடாமல், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே கணித்துக் காட்டினார். ஜோன் வொறன் என்ற அதிகாரி அதை எழுதி வைத்தார். தொடக்க நேரத்தில் நாலு நிமிடம்தான் பிசகு. முடிவில் 52 நிமிடம். சோழியையும் ஞாபகத்தையும் மட்டும் வைத்துச் செய்த கணக்குக்கு இது சாதாரணம் அல்ல.

நாலு வருடம் கழித்து யாழ்ப்பாணத்தில் அதே விஷயம் பெரும் வழக்காயிற்று. வட்டுக்கோட்டையில் 1823இல் தொடங்கிய அமெரிக்க மிஷன் செமினரியில் டானியல் பூவர் வானியல் படிப்பித்தார். 1829 மார்ச்சில் வரவிருந்த சந்திர கிரகணத்துக்கு அராலிப் பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரி கொடுத்த கணக்கும் செமினரிக் கணக்கும் முரண்பட்டன. எப்போது தொடங்கும், எவ்வளவு மறையும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று மூன்றிலும் வேறுபாடு. அன்றிரவு ஊர் திரண்டு பார்த்தது. செமினரிக் கணக்கே சரியாக வந்தது. மிஷனரிகள் இதைத் தங்கள் சமயத்துக்குக் கிடைத்த வெற்றியாகவே முழங்கினார்கள். ஆனால் அந்த இரவில் வென்றது பைபிளும் அல்ல, தோற்றது சைவமும் அல்ல. நூற்றாண்டுகளாகத் திருத்தப்படாத ஒரு வாய்பாட்டுக்கு எதிராகப் புதிதாகத் திருத்திய ஒரு வாய்பாடு நின்றது, அவ்வளவுதான். யார் சொன்னாலும் வானத்தைப் பார்த்துச் சரிபார்க்கலாம் என்ற பழக்கத்தை ஊர் அன்றைக்குக் கண்ணால் கண்டது. அதைத்தான் அந்த இரவின் மிச்சமாக வைத்திருக்க வேண்டும்.

அதே செமினரியின் இன்னொரு தலைவரான ஹொய்சிங்டன், இந்திய வானியலை விளக்கும் பெரிய நூல் ஒன்றை 1848இல் யாழ்ப்பாணத்திலேயே அச்சிட்டார். பழையதைத் தூக்கி எறியாமல் படித்துப் பார்த்த வேலை அது.

தீவில் பிறந்த ஒருவரும் திருகோணமலையில் ஒருவரும்

செமினரியின் வழி வந்த யாழ்ப்பாணக் கல்லூரியில் கணிதம் படிப்பித்தவர் அலன் ஆபிரகாம். பிறந்தது காரைநகரில்; பாலத்தால் கரையோடு இணைந்தாலும் அதுவும் ஒரு தீவுதான். தமிழ்ப் புலமையும் கணிதமும் சேர்ந்த மனிதர். 1910இல் ஹேலி வால்வெள்ளி வந்தபோது அதைப் பற்றிக் கணித்து எழுதினார். இலண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. தீவகத்துப் பாடசாலைகளில் எத்தனை மாணவருக்கு இந்தப் பெயர் தெரியும்?

அதே காலத்தில் கிழக்கில் இன்னொருவர் இருந்தார். கொழும்பில் பிறந்த பேர்சி மோல்ஸ்வேத், பிரித்தானியப் படையின் பொறியியல் பிரிவு அதிகாரி. திருகோணமலையில் பணி. கையில் 12½ அங்குலத் தெறிப்புத் தொலைநோக்கி. பகலில் உத்தியோகம், இரவில் வியாழனும் செவ்வாயும். 1901இல் வியாழனின் தென்பகுதியில் ஒரு பெரிய கரும் குழப்பத்தை முதலில் கண்டு அறிவித்தது இவர்தான். 'தெற்கு வெப்பவலயக் குழப்பம்' என்று பெயர் பெற்ற அது பல பத்தாண்டுகள் நீடித்தது. செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கு இவருடைய பெயர் வைத்திருக்கிறார்கள். வானியல் இவருக்குச் சம்பளம் தந்த தொழில் அல்ல. இலங்கையின் காற்று நிதானமாக நிற்கும் இரவுகளை ஒன்றும் விடாமல் பயன்படுத்தினார், அதுதான் அவருடைய பலம்.

பொழுதுபோக்கு வானியலின் சிறப்பே இதில் இருக்கிறது. பெரிய ஆய்வகங்கள் ஒரு பொருளைச் சில மணி நேரம் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும். ஒரே கோளை ஆண்டுக்கணக்கில் இரவிரவாகப் பார்க்கப் பொறுமை உள்ளவர்கள் வேண்டும். வியாழனில் வந்து மோதும் பொருள்களின் மின்னலை இன்றைக்கும் முதலில் படம் பிடிப்பது பெரும்பாலும் வீட்டு மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள்தான்.

வானத்தைப் பார்க்கப் பயந்த காலம்

பிறகு ஏன் இந்த மரபு அறுந்தது? நம்முடைய காரணத்தை நாம் ஒளிக்கத் தேவையில்லை. 1990இல் போரால் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. ஜாம் போத்தல் விளக்கில் ஒரு தலைமுறை படித்தது. வானம் அவ்வளவு இருட்டாக, வெள்ளிகள் அவ்வளவு நெருக்கமாக அதற்குப் பிறகு யாழ்ப்பாணம் பார்த்ததில்லை. ஆனால் யாரும் அதை ரசிக்கத் தலை நிமிர்த்தவில்லை. மேலே இருந்து வந்தது பொம்மரும் ஹெலியும். காது வானத்தில், கால் பங்கருக்குள். பற்றரி தடைப்பட்ட பொருள். ரோச் லைட்டுக்கே வழியில்லாத ஊரில் கமராவுக்கு எங்கே போவது? தீவகத்தில் எத்தனையோ குடும்பங்கள் ஊரையே விட்டுப் பெயர்ந்தன.

1995 ஒக்ரோபர் 24 காலை இந்தியாவில் முழுக் கிரகணம். யாழ்ப்பாணத்திலும் சூரியனின் ஒரு பகுதி மறைந்தது. அப்போது குடாநாட்டில் படை நடவடிக்கை தொடங்கி ஒரு வாரம். அடுத்த ஆறாம் நாள், ஒக்ரோபர் 30இல், யாழ்ப்பாணமே மூட்டை கட்டிக்கொண்டு நடந்தது. அந்தக் கிரகணத்தைப் பார்த்த ஞாபகம் உள்ளவர்கள் இங்கே குறைவு.

2010 வளையம் போர் முடிந்த எட்டாம் மாதம் வந்தது. பொங்கலுக்கு மறுநாள், பட்டிப் பொங்கல். தை அமாவாசையும் அன்றே. பூமி சூரியனுக்கு மிக அருகே இருக்கும் ஜனவரி மாதம் அது. ஆகவே சூரியன் சற்றுப் பெரிதாகத் தெரிந்தது. சந்திரன் பூமியிலிருந்து மிகத் தொலைவுக்குப் போகும் நேரமும் அதுவே. ஆகவே அது சிறிதாகத் தெரிந்தது. சிறியது பெரியதை முழுதாக மறைக்க முடியாமல் நடுவே நின்றதால் வளையம். மாலைதீவுக்கு அப்பால் கடலில் 11 நிமிடம் 8 விநாடி நின்ற அந்த வளையம், இந்த ஆயிரமாண்டிலேயே மிக நீண்டது. அதன் நடுக்கோடு தனுஷ்கோடியை ஒட்டி வந்து நம் தீவுகளுக்கு மிக அருகே சென்றது. பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டி ஏறக்குறைய பத்து நிமிடம் தீவகத்து வானில் வளையம் நின்றது.

2019 வளையம் சுனாமியின் 15ஆவது நினைவு நாளில், காலை ஒன்பதரை மணியளவில் வந்தது. ஏறக்குறைய மூன்று நிமிடம். தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கத்தினர் ஊர் ஊராகக் கண்ணாடி கொடுத்துச் சனங்களைத் தெருவுக்குக் கூட்டி வந்தார்கள். இங்கே "கிரகணம் பிடிக்குது பிள்ளை, வெளியாலை போகாதை" என்ற குரல்தான் பல வீடுகளில் கேட்டது. கோயில் நடை சாத்துவது மரபு. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நாகபூசணி அம்மனின் நயினாதீவில் இராகுவையும் கேதுவையும் யாரும் எளிதில் கைவிடப் போவதுமில்லை. ஆனால் அதற்காக வீட்டுக் கதவையும் சாத்த வேண்டியதில்லை. பஞ்சாங்கக் கணக்கையும் கிரகணத்தைப் பார்த்துத்தான் சரிபார்க்க முடியும்.

நெடுந்தீவின் இருட்டு

பகலில் வரும் வளையத்துக்கு 2031 வரை காத்திருக்க வேண்டும். இரவு ஒவ்வொரு நாளும் வருகிறது.

குறிகட்டுவான் இறங்குதுறையில் வடதாரகைப் படகிலோ தனியார் படகிலோ ஏறி ஒரு மணி நேரம் போனால் நெடுந்தீவு. யாழ் நகரத்தின் வெளிச்சம் நேர்கோட்டில் ஏறக்குறைய 40 கிலோமீற்றருக்கு அப்பால், வடகிழக்கு அடிவானில் ஒரு மங்கல் மட்டும். தென்மேற்கே ஏறக்குறைய 50 கிலோமீற்றரில் இராமேசுவரம். நடுவில் கடல். மீன்பிடிப் படகுகளின் விளக்கை விட்டால் வேறு தொந்தரவு இல்லை. நிலா இல்லாத இரவில் பெருக்கு மரத்தடியிலோ பழைய கோட்டை இடிபாட்டின் பக்கத்திலோ நின்று கண்ணைப் பழக்கினால், இருபது நிமிடத்தில் பால்வீதி தானாகத் துலங்கும்.

இந்தத் தீவுகளின் பெரிய வாய்ப்பு அவை இருக்கும் அகலாங்கு. பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஒன்பதரைப் பாகை. துருவ நட்சத்திரம் வட கடலுக்கு மேலே ஒன்பதரைப் பாகையில் நிற்கும். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அந்த முட்டியின் உயரம்தான். அதே நேரம் தெற்கு வானமும் ஏறக்குறைய முழுதாகத் திறந்திருக்கிறது. ஐரோப்பியரும் வட அமெரிக்கரும் வாழ்நாளில் ஒரு தடவை பார்க்கக் கப்பல் ஏறும் தென்சிலுவை, இங்கே மே மாதம் இரவு ஒன்பது மணிக்கு நேர் தெற்கில் கடலுக்கு மேல் இருபது பாகையில் நிற்கும். மாசியில் அகத்திய நட்சத்திரம். தை, மாசியில் தெற்கு அடிவானம் தெளிவாக இருந்தால் பெரிய மகெல்லன் மேகம் கூடத் தெரியும். அது நம் பால்வீதிக்கு வெளியே ஒன்றரை இலட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள இன்னொரு உடுக்கூட்டம். பால்வீதியின் நடுமையம் பங்குனியில் விடியப்புறத்திலும் ஆடி, ஆவணியில் முன்னிரவிலும் தெற்கு அடிவானுக்கு மேலே ஐம்பது பாகை வரை ஏறும்.

இன்னொன்றும் உண்டு. சூரியன் வட இலங்கைக்கு நேர் உச்சியில் வரும் நாள் ஏப்ரல் 14, 15. சித்திரைப் புத்தாண்டு! அன்று நண்பகல் பன்னிரண்டு மணி பத்து நிமிடத்தை ஒட்டி முற்றத்தில் ஒரு தடியை நேராக நட்டுப் பார்த்தால் நிழல் தடியின் காலடிக்குள் ஒடுங்கிவிடும். ஓகஸ்ட் கடைசியில் இது இன்னொரு தடவை நடக்கும். கருவி ஒன்றும் வேண்டாத வானியல் பாடம் இது. எந்தப் பாடசாலையும் இந்த வருடமே செய்யலாம்.

கமராவோடு போகிறவர்களுக்கு

இரவு வானத்தைப் படம் பிடிக்கப் பெரிய கமரா அவசியம் என்ற காலம் போய்விட்டது. கையில் இருக்கும் போனில் 'புரோ' முறை இருந்தால் போதும்.

முக்காலி கட்டாயம். ஐ.எஸ்.ஓ. 1600 முதல் 3200 வரை, திறப்பு நேரம் 15 முதல் 20 விநாடி, குவியம் முடிவிலியில். பொத்தானைக் கையால் அமத்தினால் படம் அசையும். மூன்று விநாடித் தாமதம் போட்டுவிட்டுக் கையை எடுங்கள். கமராவில் எடுப்பவர்களுக்குப் பழைய விதி ஒன்று: 500ஐ வில்லையின் குவியத் தூரத்தால் பிரியுங்கள். 24 மில்லிமீற்றர் வில்லைக்கு ஏறக்குறைய 20 விநாடி. அதற்கு மேல் திறந்து வைத்தால் பூமி சுழல்வதால் வெள்ளிகள் கோடாக நீளும். அந்தக் கோடுதான் வேண்டும் என்றால் ஒன்றரை மணி நேரம் ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கில் எடுத்து, கணினியில் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கலாம். தீவகத்தில் கிழக்கே பார்த்து எடுத்தால் கோடுகள் கடலிலிருந்து ஏறக்குறைய நேராக எழும்பும். வடக்கே பார்த்தால் துருவ நட்சத்திரத்தைச் சுற்றிய வட்டங்களைக் கடல் பாதியில் வெட்டும். ஐரோப்பாவில் எடுத்த படங்களில் இந்த வெட்டு இருக்காது.

ஊருக்கு ஏற்ற எச்சரிக்கைகள் சில. வாடைக் காலத்தில், ஐப்பசி முதல் மார்கழி வரை, மேகம் நம்பவிடாது. மாசி முதல் சித்திரை வரையே நல்ல காலம். சோளகம் தொடங்கினால் வானம் துலங்கும், ஆனால் காற்று முக்காலியை ஆட்டும். அடியில் ஒரு மண் மூட்டையைத் தொங்கவிடுங்கள். உப்புக் காற்று வில்லையில் படிந்தால் துணியால் உரசாதீர்கள். முதலில் ஊதித் தள்ளிய பிறகே துடைக்க வேண்டும். வெள்ளை ரோச் லைட் பக்கத்தில் நிற்பவரின் கண்ணைக் கெடுக்கும். சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். திரும்பும் கடைசிப் படகு மாலைக்கு முன்பே போய்விடும் என்பதால் இரவு தங்க ஏற்பாடு வேண்டும். நள்ளிரவில் கரையில் குழாய் போன்ற கருவியோடு நின்றால் கடற்படை வந்து கேட்பது நியாயமே. கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

சூரியனுக்கு வேறு சட்டம்

இரவில் பிழை விட்டால் படம்தான் போகும். பகலில் பிழை விட்டால் கண் போகும். வளையக் கிரகணத்தில் சூரியன் ஒரு கணமும் முழுதாக மறைவதில்லை. ஆகவே வடிகட்டி இல்லாமல் பார்க்கலாம் என்ற நேரமே அதில் கிடையாது. விழித்திரையில் நோவை உணரும் நரம்பு இல்லாததால் எரிவது தெரியாது, பிறகுதான் தெரியும்.

எக்ஸ்-றே பிலிம், கரி பிடித்த கண்ணாடி, கறுப்புக் கண்ணாடி, மஞ்சள் தண்ணீர், சாணித் தண்ணீர் எதுவும் வேண்டாம். ஐ.எஸ்.ஓ. 12312-2 என்ற தரம் அச்சிட்ட கிரகணக் கண்ணாடி, அல்லது 14ஆம் எண் ஒட்டுவேலைக் கண்ணாடி. தொலைநோக்கிக்கோ கமராவுக்கோ வடிகட்டி எப்போதும் முன் பக்கத்தில், வெளிச்சம் உள்ளே நுழையும் வாயில் இருக்க வேண்டும். கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருகண் நோக்கியால் பார்ப்பது மிகப் பெரிய ஆபத்து: குவிந்த வெயில் அந்தத் தாளைப் பொசுக்கிக்கொண்டு கண்ணுக்குள் போகும்.

காசு செலவழிக்காத வழியும் உண்டு. பழைய ஓலைக் கூரை உள்ள தலைவாசல் அல்லது மாட்டுக்கொட்டிலுக்குள் வெயில் நேரத்தில் நில்லுங்கள். ஓலை விலகிய சின்ன ஓட்டைகள் வழியே தரையில் வெளிச்ச வட்டங்கள் விழுந்திருக்கும். ஓட்டை சதுரமோ கோணலோ, வட்டம் வட்டமாகவே இருக்கும். ஏனென்றால் அது ஓட்டையின் உருவம் அல்ல, சூரியனின் உருவம். கூரை மூன்று மீற்றர் உயரம் என்றால் வட்டத்தின் குறுக்களவு மூன்று சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. கிரகணம் ஏற ஏற எல்லா வட்டமும் ஒரே பக்கத்தில் கடிபட்டு, பிறையாகி, வளைய நேரத்தில் தரை முழுக்க மோதிரமாகும். 2031 மே 21இல் சூரியன் உச்சிக்குப் பக்கத்தில் நிற்பதால் அந்த மோதிரங்கள் அதிகம் நீளாமல் வட்டமாகவே விழும். ஒரு வெள்ளைத் துணியைத் தரையில் விரித்துவிட்டுப் போனாலேயே படம் எடுக்கலாம். கண்ணுக்கும் ஆபத்தில்லை, கமராவுக்கும் ஆபத்தில்லை.

சூரியனை அன்றாடம் பார்த்துப் பழக வேண்டும் என்பவர்களுக்குச் சூரியப் புள்ளிகள் இருக்கின்றன. வடிகட்டி போட்ட சிறு தொலைநோக்கியில் தெரியும் ஒரு கறுப்புப் புள்ளி சில வேளை பூமியை விடப் பெரிது. தினமும் ஒரு தாளில் வட்டம் போட்டுக் குறித்து வந்தால், ஏறக்குறைய நாலு வாரத்தில் சூரியன் ஒரு தடவை சுழல்வதை மாணவர்கள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறாண்டுக்கும் மேலாக இதையே செய்துவருகிறது. சூரியப் புள்ளியின் உள்ளே வாயு வெளிநோக்கி ஓடுவதை 1909இல் ஜோன் எவர்ஷெட் கண்டது அங்கேதான். நெடுந்தீவிலிருந்து பார்த்தால் நீரிணைக்கு அப்பால், அதே வானத்தின் கீழ்.

வெளிச்சம் வரட்டும், கீழ்நோக்கி வரட்டும்

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் தேசிய மின்வலையோடு இணையாத தீவுகள். டீசல் மின்பிறப்பாக்கியே இவ்வளவு காலமும் கதி. சூரிய ஒளி, காற்று, பற்றரி மூன்றையும் சேர்த்த கலப்பு மின் திட்டத்துக்கு இந்தியாவின் 1 கோடி 10 இலட்சம் டொலர் நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. நல்ல செய்தி. நோயாளியை இருட்டில் படகேற்றிய மக்களிடம் வானம் இருட்டாக இருக்கட்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் விளக்கை எப்படிப் போடுவது என்று சொல்லலாம். மூடி போட்டுத் தெருவைப் பார்த்து எரியும் விளக்கும், நாலு பக்கமும் மேலேயும் சிதறும் விளக்கும் ஒரே அளவு பணம் கேட்கின்றன. முன்னது வீதியைக் காட்டுகிறது. பின்னது பாதி மின்சாரத்தை வானத்துக்கு அனுப்புகிறது. நீல வெள்ளை எல்.ஈ.டி.க்குப் பதிலாக 3000 கெல்வினுக்குக் கீழான மஞ்சள் சாயல் விளக்குப் போட்டால் வெளிச்சச் சிதறல் இன்னும் குறையும். தீவில் புதிதாக விளக்குக் கம்பம் நடும்போதே இதைச் செய்தால் மேலதிகச் செலவே இல்லை. பிறகு மாற்றப் போனால்தான் செலவு.

லடாக்கில் ஹன்லே என்ற மலைக் கிராமம் 2022இல் இருள் வானக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஊரவர்களையே தெரிந்தெடுத்து, வானத்தைக் காட்டப் பயிற்சி கொடுத்து, தொலைநோக்கியும் கொடுத்தார்கள். இரவு தங்கும் பயணிகளால் வீடுகளுக்கு வருமானம். மத்தியப் பிரதேச எல்லையை ஒட்டிய பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024இல் இருள் வானப் பூங்கா என்ற பெயரைப் பெற்றது. நெடுந்தீவுக்குப் பகல் பயணிகள் ஏற்கெனவே வருகிறார்கள். குதிரையையும் கோட்டையையும் பார்த்துவிட்டுப் பிற்பகல் படகில் திரும்பிவிடுகிறார்கள், தீவில் ஒரு தேநீர்க் காசுதான் மிஞ்சுகிறது. இரவைக் காட்டத் தெரிந்தால் அவர்கள் தங்குவார்கள்.

இனிச் செய்ய வேண்டியது

தீவகத்து ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு நல்ல சிறு தொலைநோக்கியும் ஒரு சூரிய வடிகட்டியும் போதும். புலம்பெயர்ந்த தீவக மக்கள் கோயில் திருப்பணிக்கும் வாசிகசாலைக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் அள்ளிக் கொடுக்கிறார்கள். அந்தத் தொகையில் இது ஒரு மூலைக்கும் வராது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் ஊர்ச் சங்கங்கள் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக எடுத்துக்கொள்ளட்டும். பிரதேச சபைகள் விளக்குக்கு மூடி போடட்டும். விஞ்ஞான ஆசிரியர்கள் வருகிற சித்திரைப் புத்தாண்டு நண்பகலில் ஒரு தடி நட்டுத் தொடங்கட்டும்.

2031இல் பத்தாம் வகுப்புப் படிக்கப் போகிற பிள்ளைகள் 2010இல் பிறந்திருக்கவே இல்லை. 2019இல் அவர்கள் சிறு குழந்தைகள். அந்த மே 21 அன்று நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை மாணவர்கள் எடுத்த வளையப் படங்கள் நேரம், இடம் குறித்து ஒரு தொகுப்பாக வெளிவர வேண்டும். 1871இல் யாழ்ப்பாணத்துப் படத்தின் கீழ் ஹோக் என்று எழுதினார்கள். இந்தத் தடவை படத்தின் கீழ் நம் பிள்ளைகளின் பெயர் இருக்கட்டும்.